தாலி கட்டினார், பதிவு செய்யவில்லை, இப்போது குழந்தை தன்னுடையது இல்லை என்கிறார்: ஜீவனாம்சம் கேட்க முடியுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். இரண்டு நண்பர்கள் உடன் இருந்தார்கள். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. சில மாதங்கள் ஒரே வாடகை வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். தங்கை கர்ப்பமானதும், வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. இப்போது பெண் குழந்தைக்கு இரண்டரை வயது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லை. அவர் ஓசூரில் வேலையில் இருக்கிறார். கல்யாணமே நடக்கவில்லை, குழந்தை என்னுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார். டிஎன்ஏ டெஸ்ட் எடுக்காமல் வழக்குப் போட முடியுமா, போட்டால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நேரடியாகக் கேட்காத இன்னொரு பயமும் அந்தக் கடிதத்தில் தெரிகிறது. கல்யாணத்தை நிரூபிக்க முடியாவிட்டால் குழந்தைக்கு ஒன்றுமே இல்லையா என்ற பயம் அது. குடும்ப நல நீதிமன்றத்திலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் இந்த மாதிரி வழக்குகளைப் பல வருடங்களாக நடத்துகிற வழக்கறிஞர் என்ற முறையில், அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தாய்க்கும் தந்தைக்கும் கல்யாணம் நடந்ததோ இல்லையோ, குழந்தையைப் பராமரிக்கும் கடமை தந்தைக்கு உண்டு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவும் அதையே சொல்கிறது: முறைப்படியான திருமணத்தில் பிறந்த குழந்தை, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, இரண்டுக்கும் ஜீவனாம்சம் உண்டு. மதம் பார்க்காத பிரிவு இது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் யாராக இருந்தாலும் பொருந்தும். இரண்டாம் தாரமாக வந்த பெண்ணுக்கு மனைவி என்ற முறையில் ஜீவனாம்சம் மறுத்த 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பில்கூட, அவருடைய குழந்தைக்கு உண்டு என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே தங்கையின் கல்யாணம் கோர்ட்டில் தோற்றாலும் குழந்தையின் வழக்கு அதோடு சேர்ந்து தோற்காது. வழக்கு நெடுக இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த் தரப்பு எல்லாப் பேச்சையும் கல்யாணத்தின் பக்கமே இழுக்கும்.

சரி, அந்தக் கல்யாணம் உண்மையிலேயே அவ்வளவு பலவீனமானதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் இந்துக்கள், அப்போது வேறு திருமண பந்தத்தில் இல்லாதவர்கள், திருமண வயது வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்துக்கு 7ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் அது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலும் போதும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். ஐயர், அக்னி, மண்டபம், பத்திரிகை எதுவும் வேண்டியதில்லை. ஊரறிய நடத்தினால்தான் செல்லும் என்ற வாதத்தையும் 2023-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிவைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான். ஆனால் பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் திருமணம் செல்லாததாகிவிடாது. அந்த இரண்டு நண்பர்களில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து, தாலி கட்டியதை நான் பார்த்தேன் என்று சொன்னால் உங்கள் நிலை வெகுவாக மாறிவிடும். இருவரும் வேறு வேறு மதம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். அப்போது குழந்தையின் உரிமையை மட்டும் வைத்து வழக்கை நடத்த வேண்டியிருக்கும்.

கல்யாணம் ஏன் முக்கியம் என்றால், தந்தை யார் என்பதை நிரூபிக்கும் பாரம் அதை ஒட்டித்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிறது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 116-வது பிரிவாக இருக்கிறது. செல்லத்தக்க திருமணம் நீடிக்கும் காலத்தில் பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தைதான் என்பதற்கு அந்தப் பிறப்பே முடிவான சாட்சியம். திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும்போது பிறந்தாலும் அப்படியே. அதை உடைக்க வேண்டுமானால், கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் நாங்கள் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று கணவன்தான் நிரூபிக்க வேண்டும். சந்தேகமாக இருக்கிறது என்றால் போதாது. திருப்பூரில் ஒரே வீட்டில் இருந்தவருக்கு அது சுலபமாக இருக்காது.

இப்போது டிஎன்ஏவுக்கு வருவோம். சினிமாவும் டிவி நிகழ்ச்சிகளும் சேர்ந்து, டெஸ்ட் எடுத்தால்தான் வழக்கே என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டன. வழக்குப் போட டிஎன்ஏ அறிக்கை தேவையே இல்லை. மனு போட்ட பிறகு, அவர் மறுத்த பிறகு, கோர்ட் தேவை என்று கருதினால் மட்டும் வரும் கட்டம் அது. கோர்ட்டும் கேட்டவுடன் உத்தரவு போட்டுவிடாது. 1993-லேயே உச்ச நீதிமன்றம், ரத்தப் பரிசோதனையை வழக்கமான சடங்கு போல உத்தரவிடக் கூடாது, யாரையும் வற்புறுத்தி ரத்தம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. வேறு வழியில் உண்மைக்கு வர முடியாத அளவுக்கு அவசியம் இருக்கிறதா, பரிசோதனையால் குழந்தையின் பெயருக்கும் அந்தரங்கத்துக்கும் கெடுதல் வருமா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். 2023-லும் 2025-லும் வந்த தீர்ப்புகள் இந்தப் போக்கை இன்னும் இறுக்கியிருக்கின்றன. அதே சமயம், கோர்ட் உத்தரவிட்ட பிறகும் ஒருவர் பரிசோதனைக்கு வர மறுத்தால், வந்திருந்தால் முடிவு அவருக்கு எதிராகத்தான் இருந்திருக்கும் என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளலாம். நடைமுறையில் இந்த அனுமானத்துக்குப் பயந்தே பலர் சமரசத்துக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மனுவை எப்படி எழுதுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டையும் மாற்று வாதங்களாகச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முதலில், இருவரும் கணவன் மனைவி, குழந்தை அந்தத் திருமணத்தில் பிறந்தது. அது ஏற்கப்படாவிட்டாலும், குழந்தை அவருக்குப் பிறந்தது, அந்தக் காலத்தில் இருவரும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன முகவரியில் சேர்ந்து வாழ்ந்தார்கள். கூடவே ஒரு வரி: கோர்ட் அவசியம் என்று கருதினால் நானும் என் குழந்தையும் பரிசோதனைக்குத் தயார். டிஎன்ஏ கேட்டு நீங்களாகவே தனி மனு போட அவசரப்பட வேண்டாம். திருமணத்தில் பிறந்த குழந்தை கணவனுடையதுதான் என்ற சட்டத்தின் அனுமானம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை நீங்களே கைவிட்டது போல ஆகிவிடும். மறுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தங்கை தன் வழக்கறிஞரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பரிசோதனையில் அவர் தந்தை இல்லை என்று தெளிவாக வந்துவிட்டால், அறிவியல் முடிவுக்கு முன்னால் அனுமானம் நிற்காது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒருவேளை பரிசோதனை வரை போனால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் தங்கைக்குப் பயம் குறையும். கோர்ட் குறிக்கும் நாளில் மூவரும் அரசு மருத்துவமனைக்கோ தடய அறிவியல் ஆய்வகத்துக்கோ போக வேண்டும். அடையாள அட்டை பார்ப்பார்கள், போட்டோ ஒட்டிய படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பெயர் எழுதி அரக்கு வைப்பார்கள். தமிழக அரசின் தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. குழந்தையின் மரபணுக் குறியீடுகளில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். தாயிடமிருந்து வந்ததைக் கழித்துவிட்டு, மீதி அந்த ஆணிடம் இருக்கிறதா என்று பல இடங்களில் ஒப்பிடுகிறார்கள். வெவ்வேறு இடங்களில் பொருந்தாமல் போனால் அவர் தந்தை இல்லை. எல்லாம் பொருந்தினால் தந்தை என்பதற்கான நிகழ்தகவு 99.9 சதவீதத்துக்கு மேல் வரும். தலைமுடியோ பிரஷ்ஷோ ரகசியமாக எடுத்துத் தனியார் லேபுக்கு அனுப்பும் யோசனை யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். யாருடைய மாதிரி, யார் எடுத்தது, வழியில் யார் கையில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லாத அறிக்கையால் பயன் இல்லை. செலவும், புதிய சிக்கலும்தான் மிச்சம். இந்தியாவில் டிஎன்ஏ கோர்ட்டுக்கு வந்த முதல் வழக்குகளில் ஒன்றே இந்த வகைதான். கேரளத்தில் தலைச்சேரியில் ஒரு தாய் மகனுக்காக ஜீவனாம்சம் கேட்ட வழக்கில், ஐதராபாத் ஆய்வகத்தின் விஞ்ஞானி லால்ஜி சிங் கொடுத்த சாட்சியத்தைக் கோர்ட் ஏற்றது. கேரள உயர் நீதிமன்றம் 1991-ல் அதை உறுதி செய்தது.

டிஎன்ஏவை விட உங்கள் கையில் இப்போதே இருக்கக்கூடிய ஆதாரம் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. தங்கை கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிராம சுகாதார செவிலியர் ஒரு தாய் சேய் நல அட்டை போட்டுக் கொடுத்திருப்பார். பிக்மி என்ற அரசுக் கணினிப் பதிவும் 12 இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண் இல்லாமல் இங்கே பிறப்புச் சான்றிதழே வாங்க முடியாது. அந்த அட்டையின் முதல் பக்கத்தில் கணவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் பெயரும் செல்போன் நம்பரும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிரச்சினை வருவதற்கு முன்னால், கோர்ட் நினைப்பே இல்லாத நேரத்தில், ஒரு அரசு ஊழியர் எழுதிய பதிவு அது. அதனாலேயே அதற்குத் தனி மதிப்பு. இதே மாதிரி முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கணவர் பெயர், கூட வந்தவர் கையெழுத்து, கர்ப்ப காலத்தைக் கணக்கிட்ட தேதி எல்லாம் இருக்கலாம். சேர்ந்து வாழ்ந்த மாதங்களோடு அந்தத் தேதி ஒத்துப்போவதே பாதி வழக்கு. அப்புறம் வீட்டு ஓனர், பக்கத்து வீட்டுக்காரர், சமையல் கேஸ் புக், கூகுள் பே வரவு, வாட்ஸ்அப் உரையாடல். போனை மாற்றுவதாக இருந்தால் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் பிரிவு 63-ன் கீழ் ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். மூல போன் கையில் இருந்தால் வேலை எளிது.

பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இல்லாதது வழக்கைக் கெடுக்காது. இருந்திருந்தாலும் அது துணைச் சான்றுதான், அதை மட்டும் வைத்து ஒருவரைத் தந்தை என்று முடிவு கட்டிவிட மாட்டார்கள். உத்தரவு வந்த பிறகு அதைக் காட்டிப் பெயர் சேர்க்கக் கேட்கலாம். பள்ளியில் சேர்க்கும்போது இனிஷியலுக்கு என்ன செய்வது என்று உங்கள் அம்மா அழுவதாக எழுதியிருந்தீர்கள். தாயின் பெயரின் முதலெழுத்தையே இனிஷியலாக வைக்கலாம். திருமணமாகாத தாய் தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறலாம், காப்பாளராகலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாஸ்போர்ட்டிலும் 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். அந்த நபரின் பெயருக்காகக் குழந்தையின் படிப்பு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகத் தேவையில்லை.

எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்குத் திட்டவட்டமாகப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு உலவுகிறது. அது 2017-ல் ஒரு மனைவியின் வழக்கில் சொன்னது. குழந்தைக்கான சூத்திரம் எதுவும் சட்டத்தில் இல்லை. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்படி, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். தங்கையும்தான். தையல் மெஷினில் உட்கார்ந்து பீஸ் ரேட்டில் சம்பாதிப்பதை மறைக்க வேண்டாம். சம்பாதிக்கும் தாய்க்கும் குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பில் பங்கு உண்டு, ஆனால் அதனால் தந்தையின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அவர் எனக்கு வேலையே இல்லை என்று சொன்னால், உடல் வலு உள்ளவர் உழைத்தாவது காப்பாற்ற வேண்டும் என்பதே நீதிமன்றங்களின் நிலை. ஓசூர் கம்பெனியின் பெயர் தெரிந்தால் போதும், சம்பளப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி கோர்ட் மூலம் சம்மன் அனுப்பலாம்.

காலதாமதம்தான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அதே 2020 தீர்ப்புப்படி ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. அதற்கு முந்தைய இரண்டரை வருடம் இந்த வழியில் பெரும்பாலும் போனது போனதுதான். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தையின் கணக்கிலிருந்து கழிகிறது. மூல மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்தே போடுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 60 நாட்களுக்குள் அதை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா வாய்தாவாக அதைத் தாண்டிப் போவதும் உண்டு. அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உத்தரவு வந்தும் கட்டவில்லை என்றால் வசூல் வாரண்ட், சம்பள ஜப்தி, அதற்கும் மேல் ஒரு மாதம் வரை சிறை என்று வழிகள் உண்டு. பாக்கியை அது விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டு மனு போட்டுவிட வேண்டும். இதை விட்டுவிட்டு நஷ்டப்பட்டவர்கள் ஏராளம்.

எங்கே போடுவது என்றால், நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த திருப்பூரிலும் போடலாம். குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். ஓசூருக்கு அலைய வேண்டியதில்லை. ஜீவனாம்சம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். காவல் உரிமை தனி வழக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும். பார்க்கும் உரிமை கேட்டால் அதைக் கோர்ட் தனியாகப் பரிசீலிக்கும்.

சொத்து விஷயத்தில் மட்டும் நிலைமை வேறு. திருமணம் நிரூபணமானால், அல்லது சட்டக் குறையால் செல்லாத திருமணம் என்றே முடிவானாலும், குழந்தைக்குத் தந்தையின் சொத்தில் உரிமை உண்டு. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொன்னது. திருமணமே நடக்கவில்லை என்று முடிவானால் ஜீவனாம்சம் இருக்கும், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசுரிமை இருக்காது. அதனால்தான் முதல் வாதத்தை விட்டுவிடாதீர்கள் என்றேன். ஜீவனாம்ச வழக்கின் முடிவு இதில் கடைசி வார்த்தை ஆகாது. பிற்பாடு தேவைப்பட்டால், உரிமையை கோர்ட்டே அறிவிக்கக் கேட்கும் விளம்புகை வழக்கு தனியாகப் போட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. வேறொருவருக்கு மனைவியாக இருக்கும்போதே பிறந்த குழந்தைக்கு, இன்னொருவர்தான் தந்தை என்று வழக்குப் போட நினைப்பவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அங்கே, குழந்தை கணவனுடையதுதான் என்ற அதே அனுமானம் சுவர் போல எதிரில் நிற்கும். முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவிட்டு, 2012-ல் அவர்தான் தந்தை என்று முடிவு வந்ததைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அதற்குப் பிறகு வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அவ்வளவு தாராளமாக இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஆவணங்களோடு நேரில் ஆலோசனை பெறாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

கடைசியாக, அந்த ஊர்ப் பெரியவர்கள் கொண்டுவந்த முத்திரைத்தாள். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். குழந்தையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரம் கிடையாது. அப்படி எழுதினாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தக் காகிதத்தில் திருமணமே நடக்கவில்லை என்று ஒரு வரி நுழைந்திருந்தால் அதைக் காட்டியே இரண்டு வருடம் இழுப்பார்கள். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரைவு இருந்தால் அழிக்காமல் வையுங்கள். சம்பந்தமே இல்லாத குழந்தைக்கு ஏன் பணம் கொடுக்க முன்வந்தார் என்று குறுக்கு விசாரணையில் கேட்க அது உதவும். வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். தங்கையையும் அழைத்துக்கொண்டு, தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், பிறப்புச் சான்றிதழ், ஆதார், வாடகை வீட்டு முகவரி, அந்த இரண்டு நண்பர்களின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்விடுங்கள்.